டியூக் டியூக்குன்னு கேலி பண்றவங்க ஹேயரை ஒரு புக்காவது முழுசா படிச்சிருக்கீங்களா?

மதுரைமல்லி:
நேத்து "இந்த வாரம் என்ன படிச்சீங்க" இழையில ஜார்ஜெட் ஹேயரோட ஃப்ரெடரிகா நாவலை ஆறாவது தடவையா படிச்சு முடிச்சேன்னு ஒரே ஒரு வரி போட்டேன். அதுக்கு வாள்முனை வந்து "ரீஜென்சி ரொமான்ஸ்னா ஒரு டியூக்கு, ஒரு ஏழைப் பொண்ணு, ஒரு டான்ஸு, கடைசியில கல்யாணம், இதை ஆறு தடவை படிக்க தனி மனசு வேணும்"னு எழுதிட்டுப் போயிட்டார். ராத்திரி படுத்தா அதேதான் மண்டைக்குள்ள ஓடுது. அங்கயே சண்டை போட்டா மத்தவங்களுக்குத் தொந்தரவுன்னு இங்க தனியா ஆரம்பிக்கிறேன்.

முதல்ல, ஃப்ரெடரிகாவுல டியூக் ஹீரோவே கிடையாது, அதுல ஹீரோ அல்வர்ஸ்டோக் ஒரு மார்க்விஸ், டியூக் பட்டத்துக்கு ஒரு படி கீழ. ஹேயர் எழுதின ரீஜென்சிக் கதைகள்ல, அதாவது இருநூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்துல நடக்கற கதைகள்ல, டியூக் ஹீரோவா வர்றது ரெண்டே ரெண்டு, 1948ல வந்த தி ஃபவுண்ட்லிங், 1957ல வந்த சில்வெஸ்டர். அதுலயும் ஃபவுண்ட்லிங் கதையே, பெரியவங்களும் வேலைக்காரங்களும் பொத்திப் பொத்தி வளர்த்த ஒரு பையன் டியூக்கா இருந்து அலுத்துப்போய் யாருக்கும் சொல்லாம வீட்டை விட்டுக் கிளம்புறதுதான். படிக்காம பேசாதீங்க.

வாள்முனை:
மேடம், மார்க்விஸ், ஏர்ல், டியூக் எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதானே. அந்தக் காலத்துல ராஜ குடும்பத்தை விட்டுட்டா முப்பது டியூக்குக்குள்ளதான் இருந்தாங்க. நாவல்ல வர்ற டியூக்கையெல்லாம் கூட்டினா மெரினாவுல மாநாடே போடலாம். நான் சொன்னது அதைத்தான், இதுல தூக்கம் போற அளவுக்கு என்ன இருக்கு?

பக்கஎண்:
மல்லி அக்கா, ரெண்டு இல்ல மூணு. தீஸ் ஓல்டு ஷேட்ஸ் விட்டுட்டீங்க. அதுல ஏவன் டியூக்தான் ஹீரோ.

மதுரைமல்லி:
பக்கஎண் தம்பி, அது 1926ல வந்த புக்கு, கதை நடக்கறது பதினஞ்சாம் லூயி காலத்துப் பாரிஸ்ல. ரீஜென்சின்னா 1811 பிப்ரவரியில இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜுக்குப் புத்தி தெளியலன்னு மகனை ரீஜென்ட்டா, அதாவது ராஜாவுக்குப் பதிலா ஆள்றவரா, உட்கார வச்சதுல இருந்து 1820 ஜனவரியில அந்த ராஜா செத்த வரைக்கும். பவுடர் போட்ட விக்கோட வர்றவன் ரீஜென்சி ஹீரோ ஆக மாட்டான். ரெண்டுதான்.

பக்கஎண்:
புக்கு கடையில எல்லாத்தையும் ஒரே தட்டுலதான் அடுக்கி வைக்கிறாங்க. மூணு.

ஊதாக்கலர்:
எதுக்கு இவ்ளோ டென்ஷன்? 2020 டிசம்பர்ல பிரிட்ஜர்டன் வெப் சீரிஸ் வந்தப்போ நாங்க ஹாஸ்டல்ல ஒரே ராத்திரியில பார்த்து முடிச்சோம், அதுவும் 1813 லண்டன்தான், அதுல டியூக்தான் ஹீரோ, சூப்பரா இருந்துச்சு. டியூக் இருந்தா என்ன தப்பு? மல்லி ஆன்ட்டி சொல்ற பழைய புக்குல கடைசிப் பக்கம் வரைக்கும் முத்தம் கூட கிடையாதுன்னு கேள்விப்பட்டேன், அதை எப்படி ரொமான்ஸ்னு சொல்றது?

மதுரைமல்லி:
ஊதா, நீ பார்த்ததை நான் குறை சொல்லலம்மா. ஆனா அது வேற ஜாதி. நான் சொல்றது பழைய பாணி ரீஜென்சி, 1935ல ஹேயர் ரீஜென்சி பக் எழுதினப்போ ஆரம்பிச்சது. அப்புறம் அமெரிக்காவுல சிக்னெட் பதிப்பகத்துக்காரங்க மெல்லிசு மெல்லிசா மாசாமாசம் போட்டாங்க, 2006 வாக்குல அந்த வரிசையையே நிறுத்திட்டாங்க. அதுல படுக்கையறைக் கதவு திறக்கவே திறக்காது. ருசி முழுக்க பேச்சுலதான். ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கிட்டே இருப்பாங்க, இருநூறு பக்கம் கழிச்சு ஒருத்தன் திடீர்னு பேச்சு வராம நிப்பான் பாரு, அந்த இடத்துக்கு எத்தனை முத்தம் வேணாலும் கொடுக்கலாம்.

ஃப்ரெடரிகாவையே எடுத்துக்கோ. அப்பா அம்மா இல்லாத வீடு, தம்பி தங்கச்சிங்களை இவதான் வளர்க்கிறா. ஒரு நாள் இவங்க நாய் கிரீன் பார்க்ல மேயற பசு மாட்டையெல்லாம் விரட்டிவிட்டுடும், பார்க் காவல்காரன் பிடிச்சதும் இவ கூசாம இது அல்வர்ஸ்டோக் பிரபுவோட நாய், அபூர்வமான பார்சிலோனா ஜாதின்னு அடிச்சு விட்டுடுவா. கும்பலே அவர் வீட்டு வாசலுக்கு வந்துடும். அந்த மனுஷன் எதுலயும் ஆர்வம் இல்லாம கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கறவர். அவர் நாயைப் பார்த்துட்டு, பார்சிலோனா இல்லைம்மா, இது பலுச்சிஸ்தான் நாய்னு முகம் மாறாம திருத்துவார். அந்த ஒரு திருத்தத்துலயே அவர் விழுந்துட்டார்னு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

வாள்முனை:
நாய்க்கதை நல்லா இருக்கு. டியூக் கணக்குக்கு இன்னும் பதில் வரல. முப்பது பேர் இருந்த இடத்துல முந்நூறு பேரைக் காட்டறது பொய்யா இல்லையா?

மதுரைமல்லி:
வந்துடுச்சு. ஹேயர் காட்டினது ரெண்டு.

பக்கஎண்:
மூணு. இன்ஃபேமஸ் ஆர்மியையும் சேர்த்தா நாலு. 1937ல வந்தது, நெப்போலியன் தோத்த வாட்டர்லூ போர்க் கதை, சுத்த ரீஜென்சி, அதுல வெலிங்டன் பக்கம் பக்கமா வர்றார். அவரை 1814லயே டியூக் ஆக்கிட்டாங்க.

மதுரைமல்லி:
வெலிங்டன் அந்தக் கதையில யாரையாவது காதலிக்கிறாரா? ஹீரோன்னா என்னன்னு தெரியாம நம்பர் போடக்கூடாது தம்பி.

பக்கஎண்:
வாட்டர்லூவை ஜெயிச்சவர் ஹீரோ இல்லன்னா வேற யாருங்க ஹீரோ?

கல்வெட்டு:
வெலிங்டன் பேச்சு வந்ததால சொல்றேன். அந்த ஆள் 1797ல இருந்து 1805 வரைக்கும் இங்கதான் இருந்தார். 1799ல திப்பு சுல்தான் விழுந்தப்போ ஸ்ரீரங்கப்பட்டணத்துல நின்ன படையில இருந்தவர். நீங்க உருகி உருகிப் படிக்கிற அந்த மாளிகை, வண்டி, குதிரை, காஷ்மீர் சால்வை, இதுக்கெல்லாம் காசு எங்க இருந்து போச்சுன்னு எந்த நாவலாவது கேட்குதா? ஹேயரோட பிளாக் ஷீப் படிச்சேன், 1966ல வந்தது. ஹீரோவை இந்தியாவுக்குத் துரத்தி விடுறாங்க, கொள்ளைப் பணத்தோட திரும்பி வர்றான். எப்படிச் சம்பாதிச்சான்னு உருப்படியா ஒரு பக்கம் கிடையாது. 1806ல வேலூர்க் கோட்டையில நம்ம சிப்பாய்ங்க செத்த கொஞ்ச வருஷத்துல நடக்கற கதை அது. எனக்குச் சிரிப்பு வரல.

மதுரைமல்லி:
கல்வெட்டு சார், நீங்க சொல்றது எனக்கும் உறுத்தும். நான் மறுக்கல. ஆனா அந்தக் கதைகள்ல கஷ்டமே தெரியாதுன்னு பேசாதீங்க. அரபெல்லா படிங்க, 1949. பாதிரியார் வீட்டுப் பொண்ணு, பெரிய சொத்துக்காரின்னு வாய் தவறிப் பொய் சொல்லிட்டு லண்டன்ல முழிக்கறா. ஒரு நாள் அவ ரூம் புகைபோக்கி வழியா ஒரு சின்னப் பையன் விழுவான், கரி பிடிச்சு, உடம்பெல்லாம் காயம். அந்தக் காலத்துல புகைபோக்கிக்குள்ள குழந்தைங்களைத்தான் ஏத்தி விடுவாங்க, 1875ல சட்டம் வந்த பிறகுதான் அது ஒழுங்கா நின்னுச்சு. அவனைத் தேடி வர்ற முதலாளியை இவ விரட்டிட்டு, ஊரே தலையில வச்சுக் கொண்டாடற ஹீரோ பியூமாரிஸ் கிட்ட, நீதான் இவனை வளர்க்கணும்னு தள்ளி விட்டுடுவா. சிரிக்கச் சிரிக்க எழுதியிருப்பாங்க, ஆனா அந்தப் பையன் காயத்தைச் சிரிப்பா எழுதல.

வாள்முனை:
ஒரு பையனைக் காப்பாத்திட்டா போதுமா? 1811ல இருந்து லுட்டைட்டுன்னு சொல்ற ஜவுளித் தொழிலாளிங்க மிஷினை உடைக்கறாங்க, 1819ல மான்செஸ்டர்ல கூட்டத்து மேல குதிரைப்படையை ஏவி விடறாங்க. இவங்க நாய்க்குப் பேர் வச்சுக்கிட்டு இருக்காங்க. ஜேன் ஆஸ்டனைப் படிச்சா ஒரு அர்த்தம் இருக்கு, அந்த அம்மா அந்தக் காலத்துலயே வாழ்ந்தவங்க, ஒரு டியூக்கைக் கூட ஹீரோ ஆக்கல. அவங்க பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் ஹீரோ டார்சிக்குப் பட்டமே கிடையாது.

மதுரைமல்லி:
இது நல்ல கதையா இருக்கே. ஆஸ்டன் எழுத்துல எங்கங்க லுட்டைட் வர்றாங்க? ஒரு இடம் காட்டுங்க பார்ப்போம். ஆஸ்டனுக்கு ஒரு நியாயம், ஹேயருக்கு ஒரு நியாயமா? போன வருஷம் சரித்திர நாவல் இழையிலயும் இதையேதான் பண்ணீங்க, உங்களுக்குப் பிடிச்சதுன்னா இலக்கியம், பொம்பளைங்க விரும்பிப் படிச்சா ஜிகினா. அதை நான் மறக்கல.

வாள்முனை:
போன வருஷத்தை எதுக்கு இழுக்கறீங்க? அந்த இழையில என் பின்னூட்டத்தை மாடரேட்டர் கிட்ட சொல்லித் தூக்க வச்சது யாருன்னு எனக்கும் தெரியும்.

மதுரைமல்லி:
நான் இல்ல.

ஊதாக்கலர்:
நான்தான் ரிப்போர்ட் பண்ணேன். எங்க பாட்டி படிக்கிற தொடர்கதையை அடுப்படிக் கதைன்னு சொன்னீங்க.

கல்வெட்டு:
தி கிராண்ட் சோஃபி பத்தி யாரும் வாயே திறக்கலையே. 1950ல வந்த புக்கு. அதுல வர்ற யூத வட்டிக்காரனை எப்படி வர்ணிச்சிருக்காங்கன்னு பாருங்க. போர் முடிஞ்சு அஞ்சு வருஷம் கழிச்சு எழுதினது. லைட்டான கதையாம்.

மதுரைமல்லி:
அந்த அத்தியாயம் அசிங்கம்தான். நான் சோஃபியைத் திரும்ப எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கங்களைத் தாண்டிடுவேன்.

கல்வெட்டு:
தாண்டிடுவீங்க. அதான் விஷயம்.

மதுரைமல்லி:
சார், தாண்டுறேன்னா கண்ணை மூடிக்கறேன்னு அர்த்தம் இல்ல. அது அங்க இருக்குன்னு தெரிஞ்சுதான் தாண்டுறேன். நான் ஏன் இதைப் படிக்கிறேன்னு யாராவது கேட்டீங்களா? எங்கம்மா ஆஸ்பத்திரியில இருபத்திரெண்டு நாள் கிடந்தாங்க. ராத்திரி டியூட்டி எனக்கு. பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு, அட்டை கிழிஞ்சு செலோடேப் ஒட்டின ஃப்ரெடரிகாவைக் கையில வச்சிருந்தேன். டிரிப் முடியுதான்னு ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கணும், கனமான புக்கு எதுவும் அப்போ உள்ள இறங்காது. அதுல கடைசியில ஃபெலிக்ஸ்னு சின்னத் தம்பி பலூன்ல தொத்திக்கிட்டுப் போய் விழுந்து காய்ச்சல்ல கிடப்பான். எதையும் கண்டுக்காத அந்த அல்வர்ஸ்டோக் அந்தக் கிராமத்துலயே தங்கி அவனைப் பார்த்துக்குவார். காதல் வசனம் ஒண்ணு கிடையாது. மருந்து நேரம், காய்ச்சல், பையனோட பிடிவாதம், அவ்வளவுதான். இந்த ஆள் அவளுக்குப் பக்கத்துல நிப்பான்னு அதுலயே தெரிஞ்சுடும். பக்கத்துல அம்மா மூச்சு விடற சத்தம் கேட்டுக்கிட்டே அதைப் படிச்சேன். இதைப் போய் ஒரு டியூக்கு, ஒரு டான்ஸுன்னு எழுதினா எனக்கு எப்படி இருக்கும்?

பக்கஎண்:
அம்மா இப்ப எப்படி இருக்காங்க அக்கா?

மதுரைமல்லி:
நல்லா இருக்காங்கப்பா. இப்பதான் கீழ காய்க்காரர் கிட்ட சண்டை போட்டுட்டு வந்தாங்க.

வாள்முனை:
உங்க அம்மா நல்லா இருக்கட்டும், அதுல எனக்கும் சந்தோஷம். ஆனா ஆஸ்பத்திரியில ஆறுதலா இருந்துச்சுங்கறதும் நல்ல எழுத்துங்கறதும் வேற வேற. ஆல்மாக்ஸ்னு லண்டன் பெரிய இடத்து டான்ஸ் கிளப்ல யாரை உள்ள விடலாம்னு நாலு சீமாட்டிங்க முடிவு பண்றதை ஒரு முழு அத்தியாயம் எழுதறாங்க, எனக்கு அதுல என்ன கிடைக்கும்?

மதுரைமல்லி:
நாலு இல்ல, 1814ல ஏழு பேர். அந்த ஏழு பேர் கையில சீட்டு இல்லன்னா ஒரு பொண்ணுக்கு நல்ல இடத்துச் சம்பந்தமே அமையாது. சொத்து பெரும்பாலும் ஆண் வாரிசுக்குத்தான் போகும், படிச்சு வேலைக்குப் போக வழி கிடையாது, கல்யாணம் ஒண்ணுதான் அவங்களுக்குப் பொழப்பு. உள்ள போனா கிடைக்கறது லெமனேடும் மெல்லிசா வெண்ணெய் தடவின ரொட்டியும்தான், ஆனா அந்த வாசப்படியில ஒரு வாழ்க்கையே நிக்குது. நம்ம வீட்டுக் கல்யாணங்கள்ல யார் பத்திரிகையை யார் கொண்டுபோய்க் கொடுத்தாங்கன்னு பத்து வருஷம் பேசாம இருக்கற சொந்தத்தைப் பார்த்ததில்லையா நீங்க? அது புரிஞ்சவங்களுக்கு ஆல்மாக்ஸ் புரியும்.

ஊதாக்கலர்:
ஆன்ட்டி இப்ப எனக்குப் படிக்கணும் போல இருக்கு. எதுல ஆரம்பிக்கலாம்? டியூக் இருக்கறதா சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரைமல்லி:
அப்போ சில்வெஸ்டர். அந்த டியூக்குக்குப் புருவம் ஒரு மாதிரி மேல ஏறி இருக்கும், ஃபீபின்னு ஒரு பொண்ணு அதை அப்படியே வச்சு அவரையே வில்லனாக்கி ஒரு நாவல் எழுதிடுவா. அவர் ரொம்ப நல்லவர்னு தெரிய வர்றப்போ புக்கு அச்சுக்குப் போயிருக்கும், நிறுத்த வழி இருக்காது. ஆனா என்னைக் கேட்டா 1953ல வந்த கோட்டிலியன் படி. அதுல ஹீரோ ஃப்ரெடி டியூக்கும் இல்ல, அழகனும் இல்ல, எந்தக் கோட்டுக்கு எந்தப் பட்டன்னு மட்டும் தெரிஞ்ச பையன். எல்ஜின் சிலைகளைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனா, காசு வாங்கிட்டுத் தலையில்லாத சிலையைக் காட்டறாங்களேன்னு கோவப்படுவான். கடைசியில பார்த்தா அந்தக் கதையில எல்லாரோட சிக்கலையும் அவன்தான் அவிழ்த்திருப்பான்.

கல்வெட்டு:
எல்ஜின் சிலைகளும் கிரீஸ்ல இருந்து தூக்கிட்டு வந்ததுதான்.

மதுரைமல்லி:
தெரியும் சார்.

வாள்முனை:
சில்வெஸ்டர்ல டியூக். நானே சொல்லல, நீங்களே முதல் புக்கா டியூக்கைத்தான் எடுத்துக் கொடுக்கறீங்க.

மதுரைமல்லி:
அந்தப் பொண்ணு டியூக் வேணும்னு கேட்டா! மேல படிச்சுட்டு வந்து பேசுங்க. நீங்க ஒரு புக்காவது முழுசா படிச்சீங்களான்னு தலைப்புலயே கேட்டிருக்கேன், இத்தனை பின்னூட்டத்துக்கு அப்புறமும் அதுக்கு மட்டும் பதில் வரல.

வாள்முனை:
எண்பது பக்கம் படிச்சேன். போதும்.

மதுரைமல்லி:
எந்த புக்குல எண்பது பக்கம்?

பக்கஎண்:
வெலிங்டனை விட்டுடறேன். ஏவனை விட மாட்டேன். மூணு.

மதுரைமல்லி:
வாள்முனை, எந்த புக்குல?