ட்ரம் அண்ணன் ரிடையர் ஆகிறார்: சால்வை, கடிகாரம் தவிர வேறு என்ன செய்யலாம்?

சிப்காட் ஷிப்டு (கேள்வி):
ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் மூன்று பேருக்கு 58 முடிகிறது. எங்கள் வழக்கம்: நாலு மணிக்குக் கேன்டீனில் கூட்டம், சால்வை, சுவர்க் கடிகாரம், ஆற்காடு மக்கன் பேடா, காராபூந்தி. மேனேஜர் எழுந்து 'கம்பெனியின் தூண்' என்பார். போன வருடம் தூணின் பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டார்.

செக்யூரிட்டிக்காரரும் ஸ்டோர்ஸ்காரரும் சால்வையே போதும் என்றுவிட்டார்கள். என் கவலை ட்ரம் அண்ணனைப் பற்றித்தான். தோல் பதனிடும் பெரிய சுழல் பீப்பாய்தான் ட்ரம்; 31 வருடம் அதில் தோல் ஏற்றி இறக்கியவர். முடி நீக்கப் போட்ட சுண்ணாம்பு போய்விட்டதா என்று பார்க்க நாங்கள் தோலைக் குறுக்கே வெட்டிச் சொட்டு மருந்து விடுவோம். இளஞ்சிவப்பு வந்தால் உள்ளே இன்னும் இருக்கிறது. பேட்டிங் (என்சைம் போட்டுத் தோலை மென்மையாக்குவது) முடிந்ததா என்பதற்கு அவர் கட்டைவிரல்தான் கணக்கு. அழுத்தி எடுத்தபின் விரல் தடம் மறையாமல் நின்றால், "ஆச்சு, தண்ணிய வுடு" என்பார். தோலைப் பதனிடும் குரோம் உப்பு போட்ட பிறகு கழுத்துப் பக்கம், தடிப்பான இடத்தில் கத்தி வைப்பார். நீலம் நடுவரை ஏறவில்லை என்றால் ட்ரம்மை நிறுத்த விடமாட்டார்.

அந்தக் கட்டைவிரல் ரேகையைத் தோலில் பதித்து, பிரேம் போட்டுக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். எப்படி?

வாலாஜா மருமகன்:
யோசனை நல்லா இருக்கு சார். ஆனால் பேட்டிங் தோலில் பதித்தால் குரோம் ஏறி, காய்ந்து, மெஷினில் போய் வருவதற்குள் ரேகை ஓடிப்போகும். பட்டைத் தோல் (மரப்பட்டையில் பதனிட்டது) ஒரு துண்டு எடுத்து, லேசாக நனைத்து அழுத்தச் சொல்லுங்கள். காய்ந்த பிறகும் நிற்கும்.

மேல்விஷாரம் மகள்:
அண்ணா, கொஞ்சம் பொறுங்க. எங்க நைனாவும் தோல் ஷாப்பில் இருந்தவர்தான். சம்பள நாளில் மை டப்பாவில் விரலை வைத்துவிட்டு, வெளியே வந்ததும் லுங்கியில் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பார். நான் மூன்றாவது படிக்கும்போது ஸ்லேட்டில் அவருக்குக் கையெழுத்து சொல்லிக்கொடுத்தேன். பெயரில் இருந்த 'ழ' மட்டும் கடைசிவரை வரவில்லை. உங்கள் ட்ரம் அண்ணன் கைநாட்டா, கையெழுத்தா என்று தெரியாமல் அந்தப் பிரேமை நாலு பேர் முன்னால் நீட்டாதீங்க. நீங்கள் பெருமை என்று கொடுப்பது அவருக்கு எப்படிப் படுமோ.

பழைய அக்கவுண்ட்ஸ்:
பிரேம் இருக்கட்டும், காகிதம் பார்த்தீர்களா? ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பி.எஃப். கணக்கில் ஒரு தேதி இருந்தால் பென்ஷன் மாதக்கணக்கில் இழுக்கும். இப்போதே திருத்தி, பென்ஷனுக்கான 10டி படிவத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். கிராஜுவிட்டி, வேலையை விட்ட 30 நாளுக்குள் வரவேண்டிய பணம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 என்றால், 26-ஆல் வகுத்தால் 700. 15 நாளுக்கு 10,500. 31 வருடத்துக்கு 3,25,500 ரூபாய். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். யாரும் வந்து 'எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்' என்று முடிக்கமுடியாது. நான் அந்த நாற்காலியில் இருந்தவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

சிப்காட் ஷிப்டு:
எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி சொன்னது சுருக்கென்றது. சம்பள ரிஜிஸ்டரைப் பார்த்தேன். 2009 வரை கைநாட்டு, அப்புறம் கையெழுத்து. பிரேமை விட்டுவிட்டேன். தேதியும் பார்த்தாயிற்று, ஆதாரில் ஒரு வருடம் தள்ளி இருக்கிறது. நாளைக்கு அவரை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

நேராக அவரிடமே கேட்டேன், "அண்ணே, என்ன பண்ணட்டும்?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுக்காரிய ஒரு தரம் உள்ள இட்டுனு வரட்டா? 31 வருசமா இந்த நாத்தத்த என் சட்டையில தோய்ச்சிருக்கா, ட்ரம்ம ஒரு நாளும் பாத்ததில்ல" என்றார்.

கேட் பாஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்காவின் கால் அளவுக்கு கம்பூட் மட்டும் ஸ்டோர்ஸில் இல்லை. சின்ன சைஸ் ராணிப்பேட்டையில் எந்தக் கடையில் கிடைக்கும்?