இழை: ஜிக்பீ 'கோஆர்டினேட்டர்' – ஒருங்கிணைப்பியா, வலையாக்கியா?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

லிடில் கடைகள் 'சில்வர்கிரெஸ்ட்' என்ற பெயரில் விற்ற ஜிக்பீ (வீட்டுக் கருவிகள் குறைந்த ஆற்றலில் வானொலி வழியே பேசும் நெறிமுறை) ஹப்பைத் திறந்து, டூயா நிறுவனத்தின் மேகத்தை (இணையவழிச் சேவையகங்களை) நம்பாமல் வீட்டுக்குள்ளேயே உணரிகளோடு பேசவைக்கும் முறைக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதிவருகிறோம். வேலைப்படிகள் தெளிவாகிவிட்டன. சொற்களில்தான் இடறுகிறது.

பெட்டிக்குள் இருப்பவை இரண்டு தனித்தனிக் கணினிகள். ஒன்று ரியல்டெக் 8196இ சில்லு: 32 எம்பி நினைவகம், 16 எம்பி பிளாஷ், அதன்மேல் லினக்ஸ். ஈதர்நெட் செருகுவாய் இதனுடையது. மற்றொன்று சிலிக்கான் லேப்ஸின் ஈஎஃப்ஆர்32 சில்லு பொருத்திய டூயா வானொலிப் பலகை. இரண்டுக்கும் நடுவே விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு சீரியல் தடம். கடையில் வாங்கிய நிலையில், லினக்ஸில் ஓடும் டூயா நிரல் வானொலிச் சில்லின் பேச்சை மொழிமாற்றி மேகத்துக்கு அனுப்பும். மாற்றியபின் அந்த நிரல் ஓடாது. அந்த இடத்தில் ஒரு சிறு நிரல், தடத்தில் வரும் பைட்டுகளை உள்ளபடியே 8888-ஆம் டிசிபி போர்ட்டில் தரும்.

வரைவில் இப்போது உள்ள சொற்கள்:

ஹப் – குடம் (சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து பொருந்தும் நடுக்கட்டைக்கு உள்ள பழைய பெயர்)
கேட்வே – நுழைவாயில்
கோஆர்டினேட்டர் – ஒருங்கிணைப்பி

ஆங்கிலக் கையேடுகள் இந்த ஒரே பெட்டியை ஒரு வரியில் ஹப் என்கின்றன, அடுத்த வரியில் கேட்வே, அதற்கடுத்து கோஆர்டினேட்டர். 'கோஆர்டினேட்டரின் நிலைபொருளை (சில்லிலேயே பதிந்துள்ள நிரலை) புதுப்பிக்கவும்' என்று படிப்பவர் எந்தச் சில்லைத் தொடுவார்? வானொலிச் சில்லுக்கான கோப்பை லினக்ஸ் பிளாஷில் எழுதப்போனால் பெட்டி எழுந்திருக்காது. ஆகவே சொல் துல்லியமாக இருந்தே ஆக வேண்டும். மூன்றாவதைக் குறிப்பாகப் பாருங்கள்.

அன்புடன்,
வழிகாட்டி வரைவுக்காக

மடல் 2

> கோஆர்டினேட்டர் – ஒருங்கிணைப்பி

இதை ஏற்க முடியவில்லை, ஐயா.

முதலில், திரையிலேயே மோதல் வரும். வீட்டுக் கருவிகளை ஓரிடத்திலிருந்து இயக்கும் நிரலான ஹோம் அசிஸ்டன்டில் ஒவ்வொரு கருவி வகையையும் சேர்க்கும் பகுதிக்கு 'இன்டெக்ரேஷன்' என்று பெயர். அதைத் தமிழில் ஒருங்கிணைப்பு என்றுதான் எழுதுவோம். ஜிக்பீ ஒருங்கிணைப்பைத் திறந்து ஒருங்கிணைப்பியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், படிப்பவருக்கு அவை ஒன்றா இரண்டா என்றே தெரியாது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. அந்தக் கருவி எதையும் ஒருங்கிணைப்பதில்லை. ஜிக்பீயில் அதற்கு மட்டுமே உரிய வேலை, வலையை முதன்முதலில் உண்டாக்குவது. 11 முதல் 26 வரை எண்ணிட்ட வானொலித் தடங்களில் (சேனல்) ஒன்றை எடுக்கிறது, வலைக்கு ஓர் அடையாள எண் வைக்கிறது, மறைச்சாவியை நிறுவுகிறது. வலை உருவானபின் செய்தி கடத்துவதில் அதற்கும், செய்தியைக் கைமாற்றிவிடும் மற்றக் கருவிகளான திசைவிகளுக்கும் வேறுபாடு இல்லை. கூடுதலாக, புதிதாக வரும் கருவிக்குச் சாவியைக் கொடுக்கும் பொறுப்பு அதனிடமே இருக்கும். 'ஃபார்மேஷன்' என்றே செந்தரம் சொல்லும் செயலைத் தமிழில் வலையாக்கம் என்போம். அதைச் செய்வது வலையாக்கி.

இந்தப் பெயரால் நடைமுறைப் பயனும் உண்டு. பலரும் பழைய பெட்டியை எறிந்துவிட்டுப் புதியதைச் செருகினால் உணரிகள் தாமே வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். வராது. வலை இருப்பது பெட்டியில் அல்ல. வலையாக்கி உண்டாக்கிய சாவி, அடையாள எண், தடம், செய்தி எண்ணி (அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கை), அதன் 64 பிட் முகவரி ஆகியவற்றில். இந்த ஐந்தையும் காப்புப் பிரதி எடுத்துப் புதிய சில்லில் ஏற்றினால்தான் உணரிகள் அதையே பழைய வலையாக ஏற்கும். முகவரியை எழுதும்போது கவனம் வேண்டும்: இந்தக் குடும்பச் சில்லுகள் பலவற்றில் அதை வழக்கமான முறையில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். 'வலையை ஆக்கியது எது' என்ற கேள்வியைப் பெயரே எழுப்பினால், படிப்பவர் காப்புப் பிரதியைப் பற்றி முன்கூட்டியே நினைப்பார்.

மடல் 3

வணக்கம் இருவருக்கும். ஜேர்மனியிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பெட்டி இங்கே பலரது வீட்டில் இருக்கிறது.

வலையாக்கி நல்ல சொல். இலங்கையில் நாங்கள் வலையமைப்பு என்று சொல்லிப் பழகியவர்கள். 'வலை' மட்டும் வந்தால் வலைத்தளம், வலைப்பூ ஞாபகத்துக்கு வரும். பிணையம் என்று போனால் நீதிமன்றப் பிணை குறுக்கே நிற்கும். எனவே முதல் தடவை 'ஜிக்பீ வலையாக்கி' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கலாம். வலையமைப்பாக்கி என்று நீட்ட வேண்டாம், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

> ஹப் – குடம்

அழகான சொல், ஆனால் இங்கே பொருந்தாது அண்ணா. குடம் என்றதும் எல்லா ஆரக்காலும் நடுவுக்கு நேரே வரும் உருவம் மனதில் விழும். ஜிக்பீ அப்படியில்லை. மின்சாரத்தில் ஓடும் மின்குமிழும் செருகியும் திசைவிகள். பற்றரியில் ஓடும் கதவு உணரி அவற்றில் ஒன்றைப் பெற்றோராகப் பிடித்துக்கொண்டு தூங்கும். விழிக்கும்போதெல்லாம் 'எனக்கு ஏதும் இருக்கிறதா' என்று அதனிடமே கேட்கும். பெற்றோர் அந்தச் செய்தியை வைத்திருப்பது வழமையாக 7.68 விநாடிதான். சுவர் ஆளியை அணைத்து மின்குமிழின் மின்சாரத்தை வெட்டினால், அதைப் பிடித்திருந்த உணரிகள் அநாதையாகும். வேறு பெற்றோரைத் தேடாத பழைய அகாரா உணரிகள் அப்படியே மௌனமாகிவிடும். பாவனையாளர் 'ஹப் பழுது' என்று பெட்டியை மீளத் தொடக்கிப் பார்ப்பார், பலன் இராது. குடம் என்ற சொல் அந்தப் பிழையான எண்ணத்தைத்தான் வளர்க்கும். கடையில் விற்ற பொருளுக்கு ஹப் என்றே இருக்கட்டும். மாற்றியபின் உள்ளே இருப்பவை இரண்டு: வலையாக்கியும், அதன் பேச்சை ஈதர்நெட்டில் ஏற்றும் கடத்தியும். மொழிமாற்றம் நின்றுவிட்டதால் நுழைவாயில் என்ற பெயரும் அதற்கு இனி இல்லை.

வரைவில் இன்னும் சில திருத்தங்கள். 'இணைத்தல்' என்ற ஒரே சொல் மூன்று செயல்களுக்கு வந்திருக்கிறது. பிரித்துவிடுங்கள். உணரி வலைக்குள் வருவது சேர்தல். ஓர் அசைவு உணரியை ஒரு மின்குமிழோடு நேரடியாகக் கட்டுவது பிணைத்தல். இதைச் செய்துவிட்டால் ஹோம் அசிஸ்டன்ட் நின்றிருந்தாலும் விளக்கு எரியும். கணினி 8888-ஐத் தொடுவதற்கு மட்டும் இணைத்தல். அங்கே ஒரே நேரத்தில் ஒரே நிரல்தான் இணையலாம். இரண்டு நிரல்களை ஒன்றாக விட்டால் இரண்டுமே குழம்பும். அந்தப் போர்ட்டுக்குக் கடவுச்சொல் இல்லை என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். ரவுட்டரில் அதை வெளியே திறக்கவே கூடாது.

கடத்திக்கும் ஹோம் அசிஸ்டன்ட் கணினிக்கும் நடுவே வைஃபை பாலம் வேண்டாம். சீரியல் நெறிமுறை சிறு தாமதத்தையும் பொறுக்காமல் தன்னை மீளத் தொடக்கும். பெட்டியில் கம்பி வழி இருப்பதே இதன் பெரிய வசதி. கணினியின் யுஎஸ்பி 3 வாய்கள் கிளப்பும் வானொலி இரைச்சலுக்கு அப்பால், உணரிகள் இருக்கும் மாடியிலேயே அதை வைக்கலாம்.

மடல் 4

இருவருக்கும் நன்றி. குடத்தைக் கைவிடுகிறோம். வலையாக்கி, கடத்தி, சேர்தல், பிணைத்தல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு முதன்மைப் பகுதியைத் திருத்தியிருக்கிறோம். பார்த்துச் சொல்லுங்கள்:

"3.3 வோல்ட் யுஎஸ்பி–சீரியல் தகடு ஒன்று தேவை. 5 வோல்ட் தகட்டைத் தொடுத்தால் சில்லு கெட்டுவிடும். தரை, அனுப்பு, பெறு ஆகிய மூன்று கம்பிகள் போதும். ஹப்புக்கு அதன் சொந்த மின்செருகி மின்சாரம் தரும், ஆகவே தகட்டின் மின்கம்பியைத் தொடுக்க வேண்டாம். வேகம் 38400, எட்டு பிட், சமநிலை பிட் இல்லை, ஒரு நிறுத்த பிட். எஸ்கேப் விசையை விடாமல் அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் ரியல்டெக் என்ற தூண்டி (கட்டளைக்குக் காத்திருக்கும் குறி) தோன்றும். எழுத்துக்கள் குப்பையாக வந்தால் வேகம் தவறு; ஒன்றுமே வராவிட்டால் அனுப்பு, பெறு கம்பிகளை மாற்றிப் பாருங்கள்.

பிளாஷிலிருந்து நினைவகத்துக்கு எடுக்கும் எஃப்எல்ஆர் கட்டளையால் 401802 முகவரியிலிருந்து 16 பைட்டும், 402002-இலிருந்து 32 பைட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் டிடபிள்யூ கட்டளையால் திரையில் காணுங்கள். முகவரிகள் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள். இரண்டு வெளியீட்டையும் பைத்தான் நிரலில் கொடுத்தால் ஒரு சாவி கிடைக்கும். அதன் கடைசி 8 எழுத்துக்களே ரூட் (தலைமைப் பயனர்) கடவுச்சொல்.

இனிப் பெட்டியை மூடிவிடலாம். எஸ்எஸ்எச் (வலைவழியே உள்ளே நுழைந்து கட்டளையிடும் வசதி) 2333-ஆம் போர்ட்டில் இருக்கிறது. கோப்பு அனுப்பும் வசதி பெட்டியில் இல்லாததால், கடத்தி நிரலை எஸ்எஸ்எச் குழாய் வழியே டூயா அடைவுக்குள் ஊற்ற வேண்டும். அதே அடைவில் எஸ்எஸ்எச்சைக் கண்காணித்து அணைக்கும் நிரலைப் பெயர்மாற்றிக் காத்துவிட்டு, அதன் இடத்தில் வெற்று நிரலை வையுங்கள். தவறினால் பின்னர் உள்ளே நுழைய மறுபடி கம்பிதான். தொடக்க நிரலில் டூயாவுக்குப் பதில் கடத்தியை ஓடவிட்டு, பெட்டியை மீளத் தொடக்குங்கள்.

ஹோம் அசிஸ்டன்டின் ஜிக்பீ ஒருங்கிணைப்பில் ஈஇசட்எஸ்பி (சிலிக்கான் லேப்ஸ் சில்லுகளின் சீரியல் நெறிமுறை) வகையைத் தேர்ந்து, பெட்டியின் ஐபி முகவரியும் 8888-உம் கொடுங்கள். வேகம் 115200, பாய்வுக் கட்டுப்பாடு வன்பொருள்வழி. மற்ற நிரல்கள் வலையாக்கியில் புதிய நிலைபொருள் கேட்கலாம். அது ஈஎஃப்ஆர்32-க்கு மட்டுமான கோப்பு. லினக்ஸ் பக்கத்தைத் தொடாது. வைஃபை 1, 6, 11-இல் ஓடும் வீட்டில் ஜிக்பீ தடம் 15, 20, 25 இடுக்குகளில் பொருந்தும். 26-இல் பல கருவிகள் குறைந்த ஆற்றலிலேயே அனுப்புவதால் அதைத் தவிருங்கள். தடத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, மின்சாரத்தில் ஓடும் திசைவிகளை முதலில் சேருங்கள். உணரிகளை அவை நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து, அதன்பின் சேருங்கள்."

இதில் 'பாய்வுக் கட்டுப்பாடு' சரியா? அனுப்புபவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லும் இரு கம்பிகளைப் பற்றியது அது. பாய்வு என்றால் நீரைப் போலத் தொடர்ந்து ஓடுவது என்று பொருள்படுகிறதோ என்று ஐயமாக இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்,
வழிகாட்டி வரைவுக்காக