புதுப்பிப்பு: பெர்லினில் ஊர் ஞாபகம், எது கைகொடுத்தது

பெர்லினுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் மதுரை ஞாபகம் வாட்டுகிறது, திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தினமும் வீட்டுக்குப் பேசச் சொன்னீர்கள் பலர். எனக்கு அது ஒத்துவரவில்லை. போனை வைத்ததும் அறை இன்னும் வெறிச்சோடிப் போகும். 'வாரம் ஒரு மாலை நாலு பேரோடு சேர்ந்து ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்று இங்கே பொதுமக்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் வகுப்பு நடத்துவார்கள். அதில் மண்பாண்டம் செய்யச் சேர்ந்தேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், சாயங்காலம் போக ஓர் இடம் இருப்பது பெரிய விஷயம். கை நிறையக் களிமண் இருக்கும்போது ஜெர்மனும் கூச்சமில்லாமல் வருகிறது.

எதிர்பாராதது, ஞாயிற்றுக்கிழமைகள். கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், மனசு கனத்துவிடும். இப்போது காலை பத்து மணிக்கு, அதாவது ஊரில் மதியம் இரண்டரைக்கு, அம்மாவை வீடியோவில் வைத்துக்கொண்டு சமைக்கிறேன். இந்தப் பேச்சு மட்டும் பாரமாக இல்லை. அப்புறம், குளிரில் இட்லி மாவு புளிக்காதவர்கள் ஓவன் அடுப்பின் விளக்கை மட்டும் போட்டு மாவை ராத்திரி உள்ளே வையுங்கள், பொங்கி வரும்.

தங்கை வளைகாப்புக்குப் போக முடியாத வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் வேலை பிடித்திருக்கிறது, ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டேன்.