டாட் பால்: வெற்றுப் பந்தா, புள்ளிப் பந்தா?

கோத்தகிரி ஆசிரியர்:
குழும அன்பர்களுக்கு வணக்கம். பள்ளிக் கிரிக்கெட் கையேட்டில் ஒருநாள் ஆட்டச் சுழற்பந்து வீச்சு பற்றிய இயலை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். களத்தின் உள்வட்டத்துக்கு வெளியே களத்தடுப்பாளர் நால்வருக்கு மேல் நிற்கக் கூடாத 11 முதல் 40 வரையிலான ஓவர்களில், சுழற்பந்து வீச்சாளர் ஒற்றை ஓட்டங்களையும் அடைத்து வீசினால், விக்கெட் அவருக்கு விழாவிட்டாலும் மட்டையாளர் பொறுமையிழந்து மறுமுனை வீச்சாளரிடம் அகப்படுவார் என்று விளக்கியிருக்கிறேன். ஓட்டம் எடுக்கப்படாத பந்தைக் குறிக்கும் ‘டாட் பால்’ அந்தப் பக்கத்தில் மட்டும் ஒன்பது இடங்களில் வருகிறது. ‘வெற்றுப் பந்து’ என எழுதலாமா?

குன்னூர் அன்பர்:
கூடாது, ஐயா. ஸ்டம்பைப் பெயர்த்த பந்திலும் ஓட்டமில்லை. அதை வெற்று என்பீர்களா? 1975 உலகக் கோப்பையில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிராகப் இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் பிஷன் சிங் பேடி 12 ஓவர்கள் வீசி, 8 மெய்டன்களுடன் (ஓட்டமே கொடுக்காத ஓவர்கள்) 6 ஓட்டங்களே கொடுத்தார். அத்தனை பந்துகளும் வெறுமையா? ஸ்கோர் ஏட்டில் நாம் இடுவது புள்ளி. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்பது தொல்காப்பியம். உயிர் ஏறாத மெய்க்குப் புள்ளி, ஓட்டம் ஏறாத பந்துக்கும் புள்ளி. மெய்டன் ஓவரின் ஆறு புள்ளிகளைக் கோட்டால் இணைத்து ‘எம்’ வரைவது நம் வாசற்கோலமேயன்றி வேறென்ன? ஆகவே ‘புள்ளிப் பந்து’ என்க. இன்னும் செறிவாக ‘ஒற்றுப் பந்து’ என்றாலும் தகும். ஒற்றுக்கு அரை மாத்திரை உண்டல்லவா, இப்பந்துக்கும் அரை விக்கெட்டின் மதிப்பு உண்டு என்பது என் துணிபு.

உதகை ஆசிரியை:
ஒற்று என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் ஒற்றனைத்தான் நினைப்பார்கள். அணிகளின் புள்ளிப் பட்டியலை நாள்தோறும் செய்தித்தாளில் பார்ப்பவர்கள், புள்ளிப் பந்து என்பதைப் புள்ளி பெற்றுத் தந்த பந்து என்று நேர்மாறாகக் கொள்வார்கள். எங்கள் மைதானத்தில் பனிமூட்டம் இறங்கினால் பந்து விரலில் நிற்காது, ஸ்கோர் ஏட்டில் மை கசிந்து புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்; எழுதும் சிறுவன் ‘டாட்டு, டாட்டு’ என்று முணுமுணுத்தபடியே அவற்றை மீண்டும் வைப்பான். ‘ஓட்டமில்லாப் பந்து’ போதும்.

குன்னூர் அன்பர்:
புள்ளிமானைப் புள்ளி பெற்ற மான் என்று எவரும் கொள்வதில்லையே, அம்மா! உருபும் பயனும் உடன்தொக்க தொகையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கோத்தகிரி ஆசிரியர்:
அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். மூவர் ‘ஓட்டமில்லாப் பந்து’ என்று தனிமடலிட்டதால், முதலிடத்தில் அதை விளக்கமாக வைத்து, ஏனைய எட்டு இடங்களிலும் ‘டாட் பால்’ என்றே விட்டுவிட்டேன். பொறுத்தருள்க.

குன்னூர் அன்பர்:
பொறுக்கிறேன், உடன்படவில்லை. மட்டையில் படாமல் மட்டையாளர் உடலில் பட்டு லெக் பை ஓடிய பந்தில் அணிக்கு ஓட்டம் உண்டு, வீச்சாளர் கணக்கில் இல்லை. அது ஓட்டமில்லாப் பந்தா, அன்றா? ஏட்டில் அதற்கு இடுவது முக்கோணம் என்பதால், புள்ளிப் பந்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.