செட்ரிக் மயக்கம் போட்டான் என்று சொல்லிவிட்டேன்

புளியரைக்காரி:

ஹாரி பாட்டர் நாலாவது புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு எட்டு வருஷமாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்போது மகளுக்கு எட்டு வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் கண்ணால் படித்து, வாயால் தமிழில் சொல்வேன். முதல் மூன்று புத்தகமும் அப்படித்தான் ஓடின. செங்கோட்டை – புனலூர் பாதையில் அகல ரயில் ஓடத் தொடங்கிய 2018 அது. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டினால் ஹாரி படிக்கிற மந்திரப் பள்ளி ஹாக்வார்ட்ஸ் வந்துவிடும் என்று கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் சத்தியமே பண்ணியிருக்கிறாள்.

நாலாவதில் அந்தக் கல்லறைத் தோட்டம். தெரியும்தானே? ஹாரியும் அவன் பள்ளியில் படிக்கிற செட்ரிக்கும் சேர்ந்து போட்டிக் கோப்பையைத் தொடுகிறார்கள், அடுத்த நிமிஷம் வேறு இடம், செட்ரிக் சாகிறான். சண்டை கிடையாது. ஒரு பச்சை வெளிச்சம், அவ்வளவுதான். முந்தின நாளே நான் மட்டும் படித்து வைத்திருந்தேன். ஆனாலும் அந்த வரி வந்ததும் வாய் எழவில்லை. என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு கொலுசின் ஒரு மணியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். "செட்ரிக் மயக்கம் போட்டு விழுந்துட்டான்" என்றேன். "அப்புறம்?" "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க." கொலுசை விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஒரு பொய் சொன்னால் போதுமா? மீதிப் பக்கம் முழுக்கச் சமாளிக்க வேண்டியிருந்தது. கடைசி விருந்தில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் எல்லாரையும் எழுந்து நின்று செட்ரிக் பேரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்தச் சொல்வார். "அவனுக்குச் சீக்கிரம் குணமாகணும்னு சொன்னாங்க" என்றேன்.

ஐந்தாவது புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே காட்டிக்கொடுத்துவிட்டது. ஹாரி தூக்கத்தில் அலறுவதை அவன் பெரியம்மா மகன் டட்லி கேலி பண்ணுகிற இடம். அதற்குள் அவளே எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்க ஆரம்பித்திருந்தாள். செட்ரிக் பெயருக்கு முன்னால் இருக்கிற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு, "அம்மா, கில்னா என்ன?" என்றாள். அர்த்தம் தெரிந்துதான் கேட்டாள்.

அழவில்லை, கோபப்படவும் இல்லை. அதற்கப்புறம் என்னை வாசிக்கச் சொல்லவே இல்லை.

நான் செய்தது சரியா தப்பா என்று கேட்கவில்லை. தப்புத்தான். உங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது உண்டா என்றுதான் கேட்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை:

அக்கா, என் கதை நேரெதிர். எனக்கு யாரும் மறைக்கவில்லை, ஒருத்தன் முன்கூட்டியே சொல்லிக் கெடுத்தான்.

நான் படித்தது தமிழ் மீடியம். பாலக்காடு மாவட்டம்தான் என்றாலும் எங்கள் பக்கம் வீட்டிலும் கடையிலும் தமிழ். மலையாளம் எனக்கு பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் வரும். வாயனசாலையில் ஐந்தாவது புத்தகம் ஒரே ஒரு பிரதி. 766 பக்கம், செங்கல் மாதிரி. பாதி தாண்டியிருப்பேன், பக்க ஓரத்தில் பென்சிலால் மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். சி. ரி. ய. ஸ். அப்புறம் ம, ரி, க்கும். மரிக்கும். அதற்கு அகராதி வேறு வேண்டுமா? நானாகப் படித்து முடித்த முதல் மலையாள வாக்கியம் அதுதான்.

அதிலிருந்து ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் வருகிற பக்கமெல்லாம் மெதுவாகப் படித்தேன், நான் மெதுவாகப் படித்தால் அவர் கொஞ்ச நேரம் கூட இருப்பார் என்கிற மாதிரி. கடைசியில் அந்த வளைவில் தொங்குகிற திரைக்குள் விழுகிறார். உடம்புகூடக் கிடைக்கவில்லை. உடம்பு இல்லை என்பதால் பென்சில்காரன் அவசரப்பட்டிருப்பான் என்று ஏழாவது வருகிறவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

திருப்பிக் கொடுக்கும் முன் ரப்பர் வைத்து அழித்தேன், அடுத்து எடுக்கிறவனாவது தெரியாமல் படிக்கட்டும் என்று. அவன் அழுத்தி எழுதியிருந்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரிந்தது.

ஓய்வு வாத்தியார், களியக்காவிளை:

சகோதரி செய்தது தப்பு என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் காரணம் வேறு. முதலில் என் அனுபவம்: என் பேரன் நாலாவது புத்தகம் முடித்த அன்று ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் புத்தகம் வந்தது 1997. அன்று பதினொரு வயதுப் பிள்ளைக்கு, 2000 ஜூலையில் நாலாவது வரும்போது பதினான்கு. 2007இல் ஏழாவது வரும்போது இருபத்தொன்று. கதையும் பிள்ளையும் சேர்ந்தே வளர்ந்தார்கள். இப்போது ஏழும் ஒரே பெட்டியில் வருகிறது. ஒரு மே மாத விடுமுறையில் பிள்ளை கதை முழுவதையும் விழுங்கிவிடுகிறது. பிறகு தூக்கம் வரவில்லை என்றால் எப்படி வரும்? ஆகவே பிறந்தநாளுக்கு ஒரு புத்தகம் என்று வையுங்கள். மீதியை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். சாவியைப் பிள்ளை எடுக்கிற இடத்தில் வைக்காதீர்கள். (என் பேரன் எடுத்தான்.) முதல் புத்தகம் 223 பக்கம், நாலாவது 636. கையில் தூக்கிப் பார்த்தாலே இது வேறு சரக்கு என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா? கல்லறை அத்தியாயத்தை ராத்திரி தொடவே கூடாது. பகலில், முற்றத்தில், ஆள் நடமாட்டம் இருக்கும்போது வாசிக்க வேண்டும். படுத்துக்கொண்டு படித்தால் கண்ணும் கெடும், அது தனி.

இருட்டு என்று பதறுகிறவர்களுக்கு ஒன்று. நல்லதங்காள் கதையில் ஏழு பிள்ளையையும் கிணற்றில் போட்டாள் என்பதை நம் பாட்டிகள் மறைத்தார்களா? கள்ளியங்காட்டு நீலியை எங்கள் பக்கம் கேட்காத பிள்ளை உண்டா? ஆனால் கதை முடிந்ததும் பாட்டி எழுந்து போகமாட்டாள், பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். அதைச் செய்யுங்கள் மக்களே. மயக்கம் கியக்கம் என்று மாற்றாதீர்கள்.

பாறசாலைக்காரி:

வாத்தியார் சொன்னதால் நானும் ஒரு வாத்தியார் கதை. எல்லாரும் செத்தவர்களையே பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் புத்தகங்களிலேயே ஆகாத சாமான் அம்ப்ரிட்ஜ் என்கிற டீச்சர் தண்டனைக்குக் கொடுக்கிற பேனா. மை கிடையாது, எழுதுகிறவன் ரத்தத்திலேயே எழுதும். எழுத எழுதப் புறங்கையில் அதே வரி கீறல் விழும். பொய் சொல்லக் கூடாது என்கிற வரி.

நான் படித்த பள்ளியில் எதற்கெடுத்தாலும் இம்போசிஷன். நூறு தடவை எழுது, இருநூறு தடவை எழுது. ஐந்தாவது புத்தகத்தைப் படித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் இடது புறங்கையில் அந்த வரியை எழுதிக்கொண்டு போனேன். விளையாட்டுக்குத்தான். வேர்வையில் லேசாகப் பரவி நிஜக் காயம் மாதிரி ஆகிவிட்டது. நோட்டை நீட்டினேன். டீச்சர் என் கையைப் பார்த்தார், கையை எட்டிப் பிடித்துக்கொண்டு பேச்சே வரவில்லை. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, மை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "போய் கழுவு மோளே" என்றார். அந்த வாரம் யாருக்கும் இம்போசிஷன் இல்லை. அவரை அப்படிப் பயமுறுத்தியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

குமுளி ஏலக்காய்:

வயது பார்த்துக் கொடு என்கிறார் சார். ஏழாவதைப் படிக்கும்போது எனக்குப் பதினான்கு. சார் கணக்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. நான் படித்த மாதம்தான் தப்பு. 2011 டிசம்பர்.

அந்த டிசம்பர் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1895இல் கட்டின முல்லைப் பெரியாறு அணை, அதை வைத்துத் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடந்த சண்டை அந்த வருஷம் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. எல்லையில் வண்டி ஓடவில்லை. கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏலத்தோட்டத்துக்கு வருகிற பெண்கள் வரவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை, கையில் ஏழாவது புத்தகம். அதில் மந்திரவாதிக் குடும்பத்தில் பிறக்காதவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் இல்லையா? இந்த மந்திரக்கோலை யாரிடமிருந்து எடுத்தாய் என்று ஒரு பெண்ணை அம்ப்ரிட்ஜ் கேட்பாள். அவள் வாங்கினேன் என்று அழுவாள். அந்தப் பக்கத்தில் இருக்கும்போது ராத்திரி கதவைத் தட்டும் சத்தம்.

அம்மா இருபது வருஷமாகக் குமுளியில் இருக்கிறாள். கதவு தட்டினால் "யாரு" என்றுதான் கேட்பாள். அன்றைக்கு, "ஆரா?" என்றாள். மலையாளத்தில். குரலே மாறிப்போயிருந்தது. எனக்கு முதுகெல்லாம் சில்லிட்டது.

பக்கத்து வீட்டுச் சேச்சிதான். கடை திறக்கவில்லையே, பிள்ளைக்கு வைத்துக்கொள் என்று அவித்த மரச்சீனி கொண்டுவந்திருந்தார். அம்மா அதை வாங்கிக்கொண்டு தமிழில் பேச ஆரம்பித்தாள், சேச்சி எப்போதும்போல மலையாளத்தில் பேசினார். நான் மட்டும் அந்த "ஆரா"வையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தில் யார் யார் செத்தார்கள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

ஓய்வு வாத்தியார், களியக்காவிளை:

குமுளித் தம்பிக்கு: நான் பொதுவாகச் சொன்னது, உங்களை வைத்து இல்லை. பாறசாலை மகளுக்கு: இம்போசிஷன் நானும் கொடுத்திருக்கிறேன். இருநூறு எல்லாம் கொடுத்ததில்லை. ஐம்பது.

நகரி:

நான் ஆந்திரப் பக்கம். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, புத்தகம் மட்டும் ஆங்கிலம்.

ஆறாவது புத்தகம் 2005 ஜூலையில் வந்தது. எனக்குக் கிடைத்தது திருப்பதி பிளாட்பாரத்தில், திருட்டுப் பிரதி. காகிதம் கொஞ்சம் சாம்பல் நிறம், அச்சு சில பக்கத்தில் இரட்டையாகத் தெரியும். அதெல்லாம் பரவாயில்லை. பைண்டிங்கில் ஒரு ஃபாரம் தப்பு. குகை அத்தியாயத்துப் பக்கங்கள் இரண்டு தடவை வந்தன. அதற்கடுத்து வர வேண்டிய பதினாறு பக்கம் இல்லவே இல்லை. கோபுரத்தில் டம்பிள்டோர் சாவதுதான் அந்தப் பதினாறு. புத்தகமே அதற்குத்தான் இருக்கிறது, என் பிரதியில் அது மட்டும் கிடையாது! ஹாரி திடீரென்று ஸ்னேப் வாத்தியாரைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான், எதற்கென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இறுதிச் சடங்கு.

அதனால் எனக்கு டம்பிள்டோர் செத்தது கோபுரத்தில் இல்லை, குகையில்தான். அங்கே ஒரு பாத்திரத்தில் இருக்கிற மந்திரக் கஷாயத்தை அவர் மொத்தமும் குடித்தாக வேண்டும். நானே வேண்டாம் என்று கெஞ்சினாலும் நிறுத்தாமல் ஊற்று என்று முன்னாலேயே சத்தியம் வாங்கியிருப்பார். ஹாரி ஊற்றுவான், பெரியவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுவார், கடைசியில் தண்ணீர் கேட்பார். இதை நான் அடுத்தடுத்து இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை பைண்டிங் கோளாறு என்று தெரிந்தும் தாண்டிப் போக மனசு வரவில்லை.

பல வருஷம் கழித்து அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். ஆயுசு முழுக்கத் தறி ஓட்டியவர், உரக்கப் பேசித்தான் பழக்கம். மறுநாள் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்றார்கள். ராத்திரி முழுக்கக் கேட்டார். முதலில் அதட்டிக் கேட்டார், அப்புறம் என் பெயர் சொல்லிக் கேட்டார், விடியும் நேரத்தில் என்னை "அப்பா" என்று கூப்பிட்டுக் கேட்டார். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஒற்றினேன், அவர் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டார். அதைப் பிடுங்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அந்தச் சாம்பல் நிறக் காகிதம் ஞாபகம் வந்தது. கோவில் வரவில்லை, சாமி வரவில்லை, அதுதான் வந்தது.

அப்பா பிழைத்து வந்துவிட்டார். நன்றாக இருக்கிறார். அந்த ராத்திரி எதுவும் அவருக்கு நினைவில்லை. புத்தகத்தை ஒழுங்கான பிரதி வாங்கிப் படியேன் என்கிறாள் மனைவி. அந்தப் பதினாறு பக்கத்தை இன்னும் படிக்கவில்லை.

புளியரைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நகரித் தம்பி எழுதினதைப் படித்துவிட்டு அடுக்களையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வாத்தியார் அண்ணாச்சி, பூட்டு யோசனை எங்கள் வீட்டில் நடக்காது, அலமாரிக்குக் கதவே கிடையாது.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம், சின்னவனுக்கு இப்போது எட்டு வயது. அவனுக்கு மகள்தான் வாசித்துச் சொல்கிறாள். அதே பிரதி, நான் செய்த மாதிரியே கண்ணில் ஆங்கிலம், வாயில் தமிழ். போன வாரம் புதர்ச் சுவர்ப் பாதை வந்துவிட்டது. நேற்று ராத்திரி கல்லறை.

கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்த வரிக்கு முன்னால் ஒரு தடவை அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அப்புறம், "செட்ரிக் செத்துப்போயிட்டான்டா" என்றாள். உள்ளதை உள்ளபடி. சின்னவன் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்கு யாராவது போர்த்தி விட்டாங்களா?" என்று கேட்டான்.

மகள் பதில் சொல்லவில்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.