காரில் இழுத்துப்போகும் சின்ன கேம்பிங் ட்ரெய்லரில் கூடுதல் விளக்கு போட்டவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

மிசிசாகாக்காரன்:
கனடாவின் அல்கோன்குயின் பூங்காவில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ட்ரெய்லரில் இருந்தது நடுக்கூரையில் ஒரே விளக்கு. அடுப்புப் பக்கம் திரும்பினால் நம் நிழலே வெட்டுப்பலகையில் விழும். அம்மா போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்குவார். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டை போட்டோம். பூங்காவுக்குப் போன அன்றிரவு கதவைச் சாத்தியதும் பட்டென்று நீலப் பொறி, அப்புறம் கும்மிருட்டு. டார்ச் அடித்துப் பார்த்தால், அலுமினியச் சட்டத்தின் விளிம்பு ஒயரை அறுத்து உள்ளே செம்பு தெரிகிறது. ஃப்யூஸ் போயிருந்தது, நல்லவேளை. அந்த ஒயர் போவது அம்மாவின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால்.

ஏரிக்கரை:
எல்இடிக்கு ஃப்யூஸ் எதற்கு? ஒரு ஆம்பியர்கூட இழுக்காதே. எங்களுடையது நேராக பேட்டரியில்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

சட்பரி அண்ணன்:
ஏரிக்கரை, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஃப்யூஸ் காப்பது விளக்கை இல்லை, ஒயரை. ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், ஒயர் பழுத்துப் பலகை பற்றிக்கொள்ளும். இன்றைக்கே பேட்டரிக்குப் பக்கத்தில், பாசிட்டிவ் ஒயரில் ஒன்று போடுங்கள். விளக்குப் பக்கம் போட்டால் நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை. தகரத்தைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

எனக்கு நடந்தது வேறு. கில்லார்னி பூங்கா 2018 முதல் இருண்ட வான் காப்பிடம், அதாவது நட்சத்திரம் தெரிய வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடம். அங்கே வெளியே வெள்ளை விளக்கு எரியவிட்டிருந்தோம். பக்கத்து இடத்துப் பெரியவர் சிவப்பு டார்ச்சோடு வந்து, “கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், கொஞ்சம் அணைக்க முடியுமா?” என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டதுதான் உறுத்துகிறது.

பட்டை வாங்கும்போது வாட்டைப் பாருங்கள். மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 5 மீட்டருக்கு 72 வாட், அதாவது 12 வோல்ட் பேட்டரியில் 6 ஆம்பியர். 100 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது) லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது; எட்டு மணி நேரத்தில் அந்தப் பாதி காலி. சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரை போகும், மலிவுப் பட்டை சூடேறிக் கருகும். 10-30 வோல்ட் தாங்கும் விளக்காக வாங்குங்கள்.

மிசிசாகாக்காரன்:
சரி அண்ணா. வாசலுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார் அம்மா. கொசுவுக்கு எந்த நிறம் பரவாயில்லை?

சட்பரி அண்ணன்:
ஆம்பர், அதாவது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். பூச்சி குறைவாக வரும். கதவுக்கு மேலே வேண்டாம், படிக்கு அடியில் தரையைப் பார்த்த மாதிரி போடுங்கள். தனி சுவிட்ச்.