தினமும் ஒரே இடத்திலிருந்து ஒரு படம்: ஓட்டிப் பார்த்தால் குதிக்கிறது

கேள்வி: சென்னையில் மொட்டை மாடியிலிருந்து எதிரே உள்ள வேப்பமரத்தைத் தினமும் ஒரு படம், ஒரு வருஷத்துக்கு. ஃபோன்தான். 40 நாள் படங்களை வரிசையாக ஓட்டினால் நிறம் மாறுகிறது, மரமும் ஆடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: நிறத்தைக் கெடுப்பது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தைப் பார்த்து ஃபோன் தானாகவே நிறத்தைச் சரிசெய்வது. ப்ரோ மோடில் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறை) நிறத்துக்கு 5500 கெல்வின், ஒளி உணர்திறனுக்கு ஐஎஸ்ஓ 100 என்று நிறுத்திவிட்டு ஷட்டர் வேகத்தை மட்டும் வெளிச்சத்துக்கேற்ப மாற்றுங்கள். எச்டிஆர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஃபோன் ஒன்றாகச் சேர்ப்பது) வேண்டாம். விரலால் ஜூம் செய்யவே கூடாது. ஃபோன் சத்தமில்லாமல் வேறு லென்ஸுக்குத் தாவிவிடும்.

பதில் 2: ஆட்டம்தான் பெரிய பிரச்சினை. சாய்வு, அளவு இரண்டையும் பிறகு மென்பொருளில் சரிசெய்யலாம். ஆனால் நிற்கும் இடம் ஒரு அடி நகர்ந்தாலும் முன்னால் இருக்கும் கிளை பின்னால் இருக்கும் சுவரைவிட அதிகம் விலகும்; அதைத் திருத்தவே முடியாது. கைப்பிடிச் சுவரில் பெயின்ட்டால் குறி போட்டு ஃபோனை அதன்மேல் வையுங்கள். திரையில் கட்டக்கோடுகளை வைத்து, தண்ணீர்த் தொட்டி மூலை மாதிரி அசையாத இரண்டு புள்ளிகளைத் தினமும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓரங்களில் கொஞ்சம் கூடுதலாக விட்டு எடுங்கள், வெட்ட வேண்டியிருக்கும்.

பதில் 3: கேமரா கிழக்கு பார்த்தால் காலையில் எடுக்காதீர்கள். சூரியன் ஜூனில் வடகிழக்காகவும் டிசம்பரில் தென்கிழக்காகவும் உதிப்பதால் நிழல் நகரத்தான் செய்யும், அது அழகுதான். கோப்புக்கு 2025-06-09 என்று பெயர் வைத்தால் தானாக வரிசைப்படும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிச் சேமித்தால் தரம் குறையும். நொடிக்கு 12 படம் என்றால் மொத்தம் 30 நொடி வரும்.